வெள்ளையடிக்க மட்டுமா அபிவிருத்திச் சங்கம்?

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராகத் தெரிவான அன்று என் கைக்கு மூன்று சாமான்கள் வந்தன. மை காய்ந்த ரப்பர் முத்திரை, பாதி தீர்ந்த ரசீதுப் புத்தகம், சிவப்பு மட்டை போட்ட கூட்டக் குறிப்புக் கொப்பி. அன்று ராத்திரி லயக் காம்பராவில் உட்கார்ந்து அந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒன்பது வருடத்துக் கூட்டங்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பெயின்ட். கேட்டுக்குப் பூட்டு. சரஸ்வதி பூசைக்குச் சுண்டல். ஆசிரியர் தினத்துக்குச் சாப்பாடு. தண்ணீர்த் தாங்கிக்குக் குழாய். சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள். நடுவில் எங்கோ ஒரே ஒரு வரி: ‘கணித ஆசிரியர் இல்லாதது பற்றிப் பெற்றோர் கேட்டனர். மேலிடத்துக்கு அறிவிப்பதாக அதிபர் கூறினார்.’ அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சு இல்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை.

பெயின்டுக்கும் சுண்டலுக்கும் ஒன்பது வருடம் கூடிய ஒரு சங்கம் ஆசிரியருக்காக ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றவர்கள் அவர்கள். அரசாங்கத்திடம் கேட்பதும் சங்கத்தின் வேலைதான் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், கேட்காமல் இருப்பதற்கு வசதியாகவே அந்தச் சங்கம் அமைந்திருப்பது தெரியும்.

இலங்கையில் அரசாங்கப் பாடசாலைகளுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளின்படி அது இயங்குகிறது. பாடசாலையை நடத்தும் அதிபர்தான் தலைவர். ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள், நலன்விரும்பிகள் உறுப்பினர்கள். 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இதோடு அபிவிருத்திக் குழு என்ற இன்னொன்றையும் கொண்டுவந்தது. பாடசாலை தன் திட்டத்தைத் தானே போட வேண்டும், அதில் பெற்றோருக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் எண்ணம். சிறு கட்டட வேலைகளைச் சங்கத்திடமே ஒப்படைக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆக காசு சேர்க்கலாம், செலவழிக்கலாம், கட்டலாம், திட்டம் போடலாம். மேலே உள்ளவர்களிடம் நியாயம் கேட்கலாமா என்பது மட்டும் யார் வாயிலும் தெளிவாக வருவதில்லை.

வேறு இடங்களில் எப்படி என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சுமார் 13,000 பாடசாலை மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஊர் மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் கல்விச் சபைதான் வரவு செலவுத் திட்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்த மாவட்டத்துப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரியையும் அந்தச் சபையே நியமிக்கிறது. அந்த அதிகாரிக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? சூப்பிரின்டன். நம் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரைக்கு இருக்கும் அதே பட்டம். அங்கே மக்கள் சபை சூப்பிரின்டனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. இங்கே ஒரு காலத்தில் சூப்பிரின்டன் பார்த்துப் பாடசாலை வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவ்வளவு தூரம் போகாமல் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு பாடம் இருக்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பாடசாலைகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றை வைத்தது. அதன் 21ஆம் பிரிவின்படி, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அரசாங்கம் ஒதுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிகளிலும் இது பிரமாதமாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே பெற்றோர் கேட்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. நமக்குப் பின்னால் நிற்பது சுற்றறிக்கை.

இந்த வித்தியாசம் மலையகத்தில் இன்னும் ஆழமாகத் தெரிவதற்கு நூறு வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி 1905இல் வேஸ் என்பவர் தலைமையிலான ஆணைக்குழு ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து 1907இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. கிராமங்களுக்கு அந்தச் சட்டம் மாவட்டப் பாடசாலைக் குழுக்களைக் கொடுத்தது. தோட்டத்துக்கு வந்தபோது அதே சட்டம் குழு எதையும் கொடுக்கவில்லை, பொறுப்பைச் சூப்பிரின்டனிடம் கொடுத்தது. 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுப்பதும், அதற்கு ஓர் இடம் ஒதுக்கிப் பராமரிப்பதும் அவருடைய கடமை என்றது. ஒரே சட்டம்தான். கிராமத்துக்குக் குழு, தோட்டத்துக்குத் துரை. பாடசாலை என்பது நாம் கேட்டு வாங்குவதல்ல, மேலே இருப்பவர் பார்த்துத் தருவது என்ற எண்ணம் நமக்குள் எப்போது ஊன்றப்பட்டது என்று என்னைக் கேட்டால் இந்த வருடத்தைத்தான் காட்டுவேன்.

அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லுவார். ஒரு மண்டபம், ஒரு மாஸ்டர், எல்லா வகுப்பும் ஒன்றாக. மாஸ்டருக்குச் சம்பளம் போடுவது தோட்டம். துரைக்குப் பிடிக்காததை மாஸ்டர் பேசினால் அடுத்த மாதம் மாஸ்டர் இருக்க மாட்டார். 1945இல் கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தது. அரசாங்கப் பாடசாலையே இல்லாத இடத்தில் இலவசம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

அப்புறம் வாக்கு போனது. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. 1952 தேர்தலில் அந்த அமைப்பிலிருந்து ஒருவரும் இல்லை. இதைக் கல்வியோடு சேர்த்துப் பார்க்க நாம் பழகவில்லை, ஆனால் பார்க்க வேண்டும். நாட்டின் மற்றப் பகுதிகளில் 50களிலும் 60களிலும் மகா வித்தியாலயங்கள் எழும்பியதற்குக் கன்னங்கரா மட்டும் காரணமல்ல. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வர வேண்டிய எம்.பி.மாரும் காரணம். வாக்கில்லாத லயத்துக்கு யார் வருவது? 1960, 1961இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தோடேயே விடப்பட்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களே அரசுடைமையான பிறகுதான், 70களின் பிற்பாதியில் தொடங்கிப் படிப்படியாக, அவை அரசாங்கப் பாடசாலைகளாயின. எஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினைக்கு 2003இன் சட்டம்தான் முடிவு கட்டியது. மலையகத்தில் இன்று இருக்கும் 800க்கும் மேற்பட்ட தோட்டத் தமிழ்ப் பாடசாலைகளில் பலவற்றுக்கு, அரசாங்கப் பாடசாலை என்ற வகையில், என் வயதுகூட ஆகவில்லை.

பொறுப்பேற்ற பிறகு நிறைய நடந்தது, அதை மறைக்கக் கூடாது. சுவீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜெர்மன் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் அமைச்சர்களாக இருந்து ஆசிரியர் நியமனங்களைப் பெற்றுத் தந்தார்கள். ஆனால் அப்படி வந்தவற்றின் வாசலில் ஒரு பெயர்க்கல் இருக்கும். நமக்கு உரியதைப் பெற்றோம் என்ற எண்ணம் வராது, அவர் தந்தார் என்ற நன்றிதான் வரும். துரையின் இடத்தில் தலைவர் வந்து உட்கார்ந்தார், கேட்கும் முறை மாறவில்லை. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000 பேரளவில் ஆசிரியர் உதவியாளர்கள் எடுக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். உயர்தரம் படித்த நம் பிள்ளைகள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. பஸ் காசுக்கும் அறை வாடகைக்கும் அது காணாது. ஆசிரியர் வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். எங்கள் பிள்ளைக்குப் படிப்பிக்க வருபவருக்கு ஏன் முழுச் சம்பளம் இல்லை என்று எத்தனை அபிவிருத்திச் சங்கங்கள் கேட்டன? எங்கள் கொப்பியில் அந்த வருடம் வரவேற்புக்கு மாலை வாங்கிய கணக்கு இருக்கிறது.

சரி, சங்கம் ஏன் வாய் திறப்பதில்லை? முதல் காரணம் கண் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தலைவர் அதிபர். அதிபர் ஓர் அரசாங்க உத்தியோகத்தர். தாபன விதிக்கோவை அவரைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேச முடியாது. வலயக் கல்விப் பணிப்பாளர் அவருக்கு மேலதிகாரி. இடமாற்றம், பதவி உயர்வு, விடுமுறை எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவரைத் தலைவராக வைத்துக்கொண்டு அதே பணிப்பாளருக்கு எதிராக ஒரு தீர்மானம் போடு என்றால் எப்படிப் போடுவார்? நல்ல அதிபர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குள் நெருப்பு இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் அடுத்த கடிதம் இடமாற்றக் கடிதமாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. அதனால்தான் கொப்பியில் எல்லா இடத்திலும் அந்த ‘மேலிடத்துக்கு அறிவிப்பதாக’ என்ற வாசகம். அது அதிபரின் பொய்யல்ல, அதிபரின் எல்லை.

பெற்றோருக்கு அந்தக் கட்டு இல்லை. கொழுந்து பறிக்கும் அம்மாவை எந்தப் பணிப்பாளரும் இடமாற்றம் செய்ய முடியாது. சங்கத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. காசு சேர்ப்பதில் தோட்டச் சங்கம் ஒருநாளும் டவுன் பாடசாலையோடு போட்டி போட முடியாது. அங்கே பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து பஸ் வாங்கி அனுப்புகிறார்கள். நமக்கு 2024இல் கூட்டியபோதும் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாதான் ஆனது. ஆனால் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட டவுன்காரருக்கு இருக்கும் அதே உரிமை நமக்கும் இருக்கிறது.

காசு சேர்ப்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. கணித ஆசிரியர் இல்லை. சங்கம் கூடுகிறது. பிள்ளைக்கு இவ்வளவு என்று சேர்த்து, உயர்தரம் முடித்த ஒரு பையனைத் தொண்டர் ஆசிரியராக வைக்கிறோம். வகுப்பு நடக்கிறது, பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் வலயத்தில் என்ன நடக்கிறது? அந்தப் பாடசாலையிலிருந்து சத்தம் வருவதில்லை. சத்தம் வராத இடத்துக்கு ஆசிரியரும் வருவதில்லை. அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் காசு கொடுத்துச் செய்துவிட்டு, அந்த வெற்றிடத்தையும் நாமே மறைத்துக் கொடுக்கிறோம். 1980இலிருந்து பாடநூல் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணி இலவசம், ஆசிரியருக்கு மட்டும் தோட்டத்தில் வசூல். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நாங்களும் அந்த வருடம் ஒரு பையனை வைத்தோம். 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரா மார்ச்சா என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் இந்த முறை கூடவே கடிதமும் போனது.

அந்தக் கடிதத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் நான் எழுதியது இரண்டு பக்கம். ‘எமது பிள்ளைகள் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள், இவர்களின் எதிர்காலம் இருளில் மூழ்கியுள்ளது, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து...’ இப்படிப் போகும். எங்கள் தோட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“தம்பி, அழுது எழுதினா ஆறுதல் சொல்லுவாங்க. கணக்கு எழுதுங்க, பதில் எழுதித்தான் ஆகணும்.”

“என்ன கணக்கு சேர்?”

“உங்க பாடசாலைக்கு அனுமதிச்ச ஆளணி எத்தனை? அதுல பேர்ல எத்தனை பேர், ஆள்ல எத்தனை பேர்?”

பேரில் எத்தனை, ஆளில் எத்தனை என்பதுதான் மலையகப் பாடசாலையின் மர்மம். ஒவ்வொரு பாடசாலைக்கும், மாணவர் தொகையையும் பாடங்களையும் வைத்து, இத்தனை ஆசிரியர் என்று அனுமதிக்கப்பட்ட ஆளணி உண்டு. கடுதாசியில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய நிரம்பியிருக்கும். ஆனால் அதில் சிலர் ‘இணைப்பில்’ வேறிடத்தில் வேலை செய்வார்கள். சம்பளப் பட்டியலில் நம் பாடசாலை, வகுப்பறையில் டவுன் பாடசாலை. கஷ்டப் பிரதேசம் என்று நியமனம் பெற்றவர் நோய், குழந்தை, போக்குவரத்து என்று காரணம் காட்டி, சில நேரம் அரசியல்வாதி ஒருவரின் கடிதம் காட்டி, கீழே இறங்கிவிடுவார். எல்லாக் காரணமும் பொய் என்று சொல்ல மாட்டேன். காலை 5 மணி பஸ்ஸைப் பிடித்து, இறங்கி மூன்று கிலோமீற்றர் ஏறி வரும் டீச்சரின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் போன பிறகு அந்த இடம் வெற்றிடமாகக் காட்டப்படுவதில்லை என்பதுதான் சிக்கல். வெற்றிடம் இல்லாத இடத்துக்குப் புதிய நியமனம் எப்படி வரும்?

இந்தக் கணக்கை வெளியே எடுக்க ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்துத் தகவல் அதிகாரிக்கு எழுதினால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க முடியாது. பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: தனி ஆள் மட்டுமல்ல, உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமே கேட்கலாம். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ‘பிரஜை’ என்ற சொல்லை ஆதாரமாக வைத்து ஆளணிப் பட்டியல் கேட்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கேட்டோம். பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். தேயிலைத் தொழிற்சாலையின் ஒபிஸில் வேலை செய்யும் ஒரு தம்பி வாசித்துச் சொன்னார். எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே, அவை புரிந்தன. அனுமதி 14, பேரில் 13, ஆளில் 10. அப்படியே விட்டுவிடலாம் என்றார்கள் பலர். ஓய்வுபெற்ற அதிபர் விடவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியிலும் ஒருவர் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறலாம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவே அறிவிக்கப்பட்டவை. அதைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம். இரண்டு மாதம் கழித்துத் தமிழில் வந்தது. எழுத்துப்பிழை நிறைய, ஆனால் முத்திரை சரியாக இருந்தது.

பிறகுதான் உண்மையான கடிதம், ஒரே பக்கம். ஆளணி இத்தனை, வேலை செய்பவர் இத்தனை, இணைப்பில் இருப்போர் 3, 10ஆம் 11ஆம் வகுப்புகளுக்கு 14 மாதமாகக் கணித ஆசிரியர் இல்லை. இணைப்புகளை இரத்துச் செய்யுங்கள், அல்லது அந்த 3 இடத்தையும் வெற்றிடமாக அறிவியுங்கள். கருணை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. பதிவுத் தபாலில் வலயப் பணிப்பாளருக்கு, பிரதி மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு. செயலாளர் கையெழுத்து, 61 பெற்றோரின் கையெழுத்து. அதிபர் சேர் அன்று லீவு. ஏன் லீவு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யாருக்கு எழுதுவது என்பதிலும் பாதிச் சங்கங்கள் தடுமாறும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணப் பாடசாலைகள். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று 5 வலயங்கள். ஆகவே கொழும்பில் அமைச்சருக்கு மனுக் கொடுத்து போட்டோ பிடித்து வருவது அனேகமாக வீண் வேலை, மனு சுற்றிக்கொண்டு வலயத்துக்கே வந்து சேரும். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, ஊவாவினது 2019இல். அதன் பிறகு தேர்தல் நடக்காமலே வருடங்கள் ஓடின, ஆளுநர்களின் கீழ் நிர்வாகம் நடந்தது. மாகாணக் கல்விக்கு வாக்காளரிடம் வந்து பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லை. அந்த நேரத்தில் பாடசாலைக்காகக் கேள்வி கேட்கக்கூடிய, தெரிவு செய்யப்பட்ட கூட்டம் என்று தோட்டத்தில் எஞ்சியது இந்த அபிவிருத்திச் சங்கம்தான். பெரிய பொறுப்பு, சின்ன ரப்பர் முத்திரை.

61 கையெழுத்து எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டம் வழக்கமாக வேலை நாளில் பிற்பகல் 2 மணிக்கு. அது பாடசாலைக்கு வசதியான நேரம். கொழுந்து எடுக்கும் பெண் அந்த நேரத்துக்கு வந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகும். அதனால் வருபவர்கள் கடைக்காரர், ஓட்டோ ஓட்டுபவர், தொழிற்சங்கத் தலைவர். பதவிகளும் அவர்களுக்கே. பிள்ளைகளின் அப்பாமார் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், வீட்டில் இருப்பது அம்மா. பாதிப் பெண்கள் வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொன்னதை இங்கே யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஒரு தடவை கூட்டத்தைத் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுபோனோம். காலை ஆறரை மணி, வேலைக்குப் பிரிக்கும் முன். கூடை முதுகில், ரெட்டு இடுப்பில், பனி கலையவில்லை. பத்து நிமிடத்தில் கடிதத்தை வாசித்துக் காட்டினோம். கணக்கப்பிள்ளை மணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓர் அக்கா கேட்டார், “மூணு டீச்சர்மாருக்குச் சம்பளம் நம்ம ஸ்கூல் பேர்ல போகுதா?” ஆமாம் என்றேன். “அப்ப நம்ம பேர் போடாம அரைப்பேர் போடுறாங்களே, அவங்களுக்கு முழுப்பேரா?” அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேனா ஒன்றுதான் இருந்தது, வரிசையில் நின்றார்கள்.

இதே வழியில் கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. விஞ்ஞான, கணிதப் பிரிவு உயர்தரம் அதில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் இருக்கின்றன. ஆனால் தமிழ்மொழியில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்கப் பாடசாலை இல்லாவிட்டால் அந்தச் சலுகையால் தோட்டப் பிள்ளைக்கு என்ன லாபம்? வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு அடிக்கடி வருகிறது. வந்தவர்களைத் திட்டுவதைவிட, நம் வலயத்தில் எத்தனை தமிழ்ப் பாடசாலைகளில் அந்தப் பிரிவுகள் உண்மையில் நடக்கின்றன என்று பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரே நாளில் எழுதிக் கேட்டால் பயன் இருக்கும். அப்புறம் காணி. பாடசாலை அரசாங்கத்தின் கையில், சுற்றியுள்ள நிலம் 1992க்குப் பின் கம்பனியின் கையில். ஒரு கழிப்பறை கட்டக்கூடத் தோட்ட ஒபிஸ் படியேற வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலை சரிந்தபோது எல்லோரும் ஓடி ஏறியது பாடசாலைகளுக்குத்தான். அந்தக் கட்டடமே சரிவில் நிற்கிறதா என்ற அறிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவதும் சங்கத்தின் வேலைதான்.

பணமில்லை என்று மேலே சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, தேசிய உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு வேண்டும் என்றார்கள். 6 வீதம் என்ற வாசகம் சுவரெல்லாம் இருந்தது, தோட்டத்துச் சுவர் வரை வரவில்லை. ஆனால் இணைப்பில் போன 3 பேரைத் திருப்பி அனுப்ப எந்த வரவு செலவுத் திட்டமும் தேவையில்லை.

எங்கள் கடிதத்துக்கு என்ன ஆனது? ஐந்து மாதம் கழித்து ஒரு கணித ஆசிரியை வந்தார். இணைப்பில் இருந்த மூவரில் ஒருவர் திரும்பினார், இரண்டு இடங்கள் வெற்றிடமாகக் காட்டப்பட்டன. மாலை வாங்கவில்லை, தேநீர் மட்டும் கொடுத்தோம். தொண்டராக இருந்த பையனுக்குச் சங்கம் ஒரு சான்றிதழ் கொடுத்தது, அவன் இப்போது கல்வியியற் கல்லூரியில். நான் பதவியை விட்ட பிறகு, பிரட்டுக்களத்தில் அரைப்பேர் கேள்வி கேட்ட அந்த அக்காவே செயலாளராக வந்தார். போன மாதம் போன் எடுத்தார். டீச்சருக்கு இடமாற்றம் வந்துவிட்டதாம்.

“அந்தப் பழைய கடிதத்தோட போட்டோகொப்பி உங்ககிட்ட இருக்கா தம்பி? திகதிய மாத்திப் போட்டா போதும்தானே?”

போதாது அக்கா, ஆளணிக் கணக்கை முதலில் புதிதாக எடுங்கள் என்றேன். பேரில் எத்தனை, ஆளில் எத்தனை என்று எழுதிக்கொண்டார். முத்திரையில் மை இருக்கிறதா என்று கேட்டேன். புதுசு வாங்கியாச்சு என்றார்.